ஊர் ஓடையை எப்படிப் படிப்பது: முகடு முதல் கண்மாய் வரை

ஓடைக்கரை ஓரிடத்தில் இடிந்தால், இடிந்த இடத்திலேயே கல் அடுக்குவதுதான் வழக்கம். அடுத்த ஐப்பசி மழைக்குக் கரையோடு சேர்ந்து கல்லும் போய்விடும். மறுபடி கல், மறுபடி மழை. ஓடையில் ஓரிடத்தில் தெரியும் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்காது. அரைக் கிலோமீட்டர் மேலே இருக்கும். இல்லையென்றால் கீழே இருக்கும். அதைத் தேடிப் பிடிக்க ஓடையின் புவியியல் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

இங்கே எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் எங்கும் பார்க்கும் சாதாரண ஓடை. குன்றடியில் தொடங்கி, மானாவாரிக் காடுகளுக்கு நடுவே ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி, ஒரு கண்மாயிலோ ஏரியிலோ விழும். அகலம் மூன்று முதல் எட்டு மீட்டர். ஆண்டில் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கும். கொங்குப் பக்கம் இதைப் பள்ளம் என்பார்கள்.

தண்ணீர் அனுப்பும் நிலம்

கண்ணில் படுவது தாழ்ந்து ஓடும் அந்த ஒற்றைக் கோடுதான். ஆனால் ஓடை எவ்வளவு அகலம், எவ்வளவு வேகம், வெள்ளம் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதற்குத் தண்ணீர் அனுப்பும் நிலம். இதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதைச் சுற்றியிருக்கும் மேட்டுக்கோடு முகடு. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் துளி நம் ஓடைக்கு, அந்தப் பக்கம் விழுவது பக்கத்து ஓடைக்கு.

இதை வரைய இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாள் போதும். தாளில் 2 செ.மீ. என்றால் நிலத்தில் 1 கிலோமீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்று. முதலில் நீங்கள் ஆராய விரும்பும் இடத்தை, உதாரணமாக ஊர்ப் பாலத்தை, ஒரு புள்ளியாகக் குறியுங்கள். சமஉயரக் கோடுகள் மேட்டுப் பக்கமாகக் கூர்ந்து மடங்கினால் அங்கே பள்ளம் இருக்கிறது. தாழ்வுப் பக்கமாக மடங்கினால் அது முகட்டின் கை. பாலத்திலிருந்து ஒரு பக்கமாகக் கிளம்பி, சமஉயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டியபடி முகட்டுக் கைகளின் நடுவில் ஏறி, உச்சியைச் சுற்றி, மறுபக்கமாக அதே பாலத்துக்கு இறங்குங்கள். வரைந்த கோடு எந்த ஓடைக் கோட்டையும் வெட்டக்கூடாது. வெட்டினால் எங்கோ தவறு. கடைசியில் 1 செ.மீ. சதுரங்கள் போட்டு எண்ணுங்கள். ஒரு சதுரம் 25 ஹெக்டேர்.

புதிதாக வரைபவர்கள் வழுக்குவது இரண்டு இடங்களில். தாளில் நீலக்கோட்டை மட்டும் தேடுவார்கள். பழைய தாள்களில் ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஓடைகள் கருப்புக் கோட்டில்தான் இருக்கும். நீலத்தை மட்டும் நம்பினால் நம் ஊர் ஓடைகளில் முக்கால்வாசி காணாமல் போய்விடும். அடுத்தது சமவெளி. 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்ட கோடுகள் தட்டையான நிலத்தில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளித் தள்ளி இருக்கும். அங்கே உண்மையான எல்லையைப் போடுவது சாலை மேடும் ரயில் பாதையும் வாய்க்கால் கரையும்தான். சாலையோரப் பள்ளம் ஓர் ஓடைக்குப் போகவேண்டிய தண்ணீரை அடுத்த ஓடைக்குக் கடத்திக் கொண்டுபோவது சர்வசாதாரணம். குடையோடு மழையில் நடந்து பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஓடைகளுக்கு வரிசை எண் கொடுக்கும் பழக்கமும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் ஹார்ட்டன் 1945இல் சொன்ன முறையைச் சில ஆண்டுகள் கழித்து ஸ்ட்ராலர் எளிமையாக்கினார். கிளையே இல்லாத முதல் ஓடை 1. இரண்டு 1 சேர்ந்தால் 2. இரண்டு 2 சேர்ந்தால் 3. ஒரு 2இல் ஒரு 1 வந்து சேர்ந்தால் அது 2ஆகவே இருக்கும். ஊர் ஓடைகள் பெரும்பாலும் 2 அல்லது 3. எண் தெரிந்தால் ஒப்பிடலாம் என்பதற்கு மேல் இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

எவ்வளவு தண்ணீர் வரும்?

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர். 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 50 மி.மீ. பெய்தால் விழுந்த தண்ணீர் 5 கோடி லிட்டர். அத்தனையும் ஓடைக்கு வராது. உழுத செம்மண் நிறையக் குடிக்கும். இறுகிய களரும் வெறும்பாறையும் கொஞ்சம்தான் குடிக்கும்.

உச்ச வெள்ளத்தைச் சிறு நீர்ப்பிடிப்புகளுக்குக் கணிக்க ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது: ஹெக்டேர் பரப்பு × ஓட்டக் கெழு × மணிக்கு எத்தனை மி.மீ. மழை ÷ 360. ஓட்டக் கெழு என்பது பெய்த மழையில் மண்ணில் ஊறாமல் ஓடிவரும் பங்கு. விடை விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும். 100 ஹெக்டேர் மானாவாரி நிலத்துக்குக் கெழு 0.3 என்று வைத்து, மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை என்றால், 100 × 0.3 × 60 ÷ 360 = விநாடிக்கு 5 கன மீட்டர். அதே நிலத்தை மனை போட்டுத் தார்ச்சாலை போட்டுவிட்டால் கெழு 0.6 ஆகிவிடும், வெள்ளம் 10 கன மீட்டர். மழை கூடவில்லை, ஓடை குறுகவில்லை, வெள்ளம் மட்டும் இரண்டு பங்கு.

இப்போது ஊர்ப் பாலத்துக்கு வாருங்கள். வண்டி போவதற்காக மூன்று 900 மி.மீ. சிமென்ட் குழாய் போட்டு மேலே காங்கிரீட் ஊற்றியிருப்பார்கள். ஒரு குழாயின் வாய் 0.64 சதுர மீட்டர். மூன்றுக்கும் சேர்த்து 1.9. தண்ணீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனாலும் 3.8 கன மீட்டர்தான் கடக்கும். வருவதோ 5. மிச்சம் பாலத்துக்கு மேலே ஏறிப் போகும். அதுவும் மூன்று குழாயும் சுத்தமாக இருந்தால்; சீமைக்கருவேல முள்ளும் பிளாஸ்டிக் பையும் ஒரு குழாயை அடைத்தால் கணக்கு இன்னும் மோசம்.

பாலத்தின் கீழ்ப்பக்கம் எட்டிப் பாருங்கள். குழாய் வாய்க்கு நேர் கீழே இடுப்பளவோ ஆளளவோ ஒரு குழி இருக்கும். ஐந்து மீட்டர் அகலத்தில் பரவி வந்த தண்ணீரை மூன்று வாய்களுக்குள் நெருக்கினால் வேகம் எடுத்து வெளியே பாயும். பாய்கிற இடத்து மண்ணை அள்ளும். குழி ஆழமானதும் குழாய் அந்தரத்தில் நிற்கும். பிறகு அடித்தளம் தெரியும். பிறகு பாலம் சாயும். கீழ்ப்பக்கம் பெரிய கற்களைத் தளர்வாகப் பரப்பி, அந்தப் பரப்பைக் குழியின் விளிம்பையும் தாண்டி நீட்டினால் வேகம் கற்களிலேயே அடங்கும். வாய்க்கு நேரே மட்டும் சிமென்ட் தளம் போட்டால், தளம் முடிகிற இடத்தில் புதுக் குழி தொடங்கும்.

சரிவும் தரையும்

சரிவைத் தாளிலிருந்தே உத்தேசமாக எடுக்கலாம். ஓடை அடுத்தடுத்த இரண்டு சமஉயரக் கோடுகளை 800 மீட்டர் தூரத்தில் கடக்கிறது என்றால் 20க்கு 800, அதாவது 40இல் 1. அதே இரண்டு கோடுகள் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 200இல் 1. குன்றடிக்கும் கண்மாய்க்கும் இடையில் ஒரே ஓடை இந்த இரண்டு எண்களையும் காட்டும்.

துல்லியமாக வேண்டுமென்றால் கொத்தனார்கள் வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். 20 மீட்டர் டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். அளவு குறித்த இரண்டு கம்புகளை ஓடைத் தரையில் மேலும் கீழுமாக நிறுத்தி, டியூபின் இரு முனைகளையும் கம்போடு சேர்த்துப் பிடியுங்கள். தண்ணீர் அசைவது நின்றதும் இரண்டு கம்பிலும் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை படியுங்கள். வித்தியாசம்தான் இறக்கம். ஐந்து முறை நகர்த்தினால் 100 மீட்டர் ஆகிவிடும். ஒரு குமிழி இருந்தாலே இரண்டு மூன்று செ.மீ. பொய் சொல்லும். ஓடைத் தரையின் ஆழமான குழியான மடுவின் அடியில் கம்பை ஊன்றினாலும் கணக்கு கெடும். மடுக்களுக்கு இடையே வரும் ஆழமற்ற கல் பரப்பின் தலையிலிருந்து அடுத்த கல் பரப்பின் தலைக்கு அளக்க வேண்டும்.

சரிவுக்கு ஏற்ப ஓடை மூன்று விதமாகத் தரையை வைத்துக்கொள்ளும். குன்றடியில் உருண்டைப் பாறைகள் படிப்படியாக நிற்கும். தண்ணீர் விழுந்து விழுந்து இறங்கும். நடுப்பகுதியில் ஆழமான மடுவும் ஆழமற்ற கல் பரப்பும் மாறி மாறி வரும். ஒரு கல் பரப்பிலிருந்து அடுத்த கல் பரப்புக்கு ஓடையின் அகலத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு தூரம் இருக்கும் என்பது உலகம் முழுக்கப் பார்த்த பொது அளவு. நான்கு மீட்டர் ஓடை என்றால் 20 முதல் 28 மீட்டருக்கு ஒரு மடு. கடைசிப் பகுதியில் மணலும் வண்டலும். கல் பரப்பில் தண்ணீர் சிதறி ஓடுவதால் காற்று கலக்கும். அயிரை மீன் இந்தக் கல்லும் மணலும் கலந்த தரையை ஒட்டித்தான் வாழும். கோடையில் கடைசியாக மிஞ்சும் தண்ணீர் மடுவில்.

ஜேசிபி வைத்து ஓடையைத் தூர்வாரும்போது முதலில் தொலைவது இந்த அமைப்புதான். மடு, கல் பரப்பு எல்லாம் ஒரே மட்டமாகி, வளைவுகளும் நேராகிவிடும். 1,200 மீட்டர் வளைந்து ஓடி 6 மீட்டர் இறங்கிய ஓடையின் சரிவு 200இல் 1. நேராக்கி 800 மீட்டராகச் சுருக்கினால் அதே 6 மீட்டர் இறக்கத்துக்கு 133இல் 1. தண்ணீர் வேகமாகப் போகும், தரையை அரிக்கும், அரித்ததைக் கீழே கண்மாய் வாயில் கொண்டுபோய்க் கொட்டும். வெட்டிய மண்ணைக் கரையிலேயே குவித்துவைத்தால் அதுவும் அடுத்த மழைக்குத் திரும்பி வந்து சேரும்.

ஒரு வளைவு, கிட்டத்தில்

இடிந்த கரை பெரும்பாலும் ஒரு வளைவின் வெளிப்பக்கமாக இருக்கும். வெள்ளம் வடிந்த மறுநாள் போய் நின்று பாருங்கள். வெளிக்கரை செங்குத்தாக நிற்கும். மேலே ஒன்றரை மீட்டர் கரம்பை எனும் களிமண், அதன் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மணலும் சரளையும். பல காலத்துக்கு முன்பு ஓடை அந்த வழியே ஓடியபோது போட்டுப்போன படிவு அது. களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் தண்ணீரால் அவற்றை எளிதில் பிரிக்க முடியாது. மணலுக்கு அந்த ஒட்டுதல் இல்லை. எனவே வெள்ளம் அடியிலிருக்கும் மணலைத்தான் முதலில் எடுக்கும். மேலே கரம்பை கொஞ்ச நேரம் கூரைபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். கரை விழுவது வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது அல்ல, வடியும்போது: கரைக்குள் ஊறிய தண்ணீர் இன்னும் வெளியேறவில்லை, பாரம் அப்படியே இருக்கிறது, தாங்கிப் பிடித்த வெள்ளமோ இறங்கிவிட்டது.

எதிர்ப்பக்கம், வளைவின் உள்புறம், மணல் திட்டு. நீரோரம் பெருமணல், மேலே போகப் போகச் சிறுமணல், விளிம்பில் விரலில் ஒட்டும் வண்டல். வேகம் குறையக் குறைய ஓடை எதை முதலில் கீழே வைத்தது என்பதற்கு அதுவே பதிவேடு. இந்தத் திட்டில் சீமைக்கருவேலம் வேர்பிடித்துப் புதராகிவிட்டால் வெள்ளம் எதிர்க்கரைக்குத் தள்ளப்படும். வெளிக்கரை இன்னும் வேகமாகக் கரையும். அப்படியானால் கல் அடுக்கவேண்டிய இடத்தைவிட முள் வெட்டவேண்டிய இடம் முக்கியம். வெட்டும்போது திட்டில் இருப்பதை வேரோடு எடுக்கலாம். கரையில் இருப்பதை வேரோடு பிடுங்கினால் கரையே தளர்ந்துவிடும். அங்கே தூரோடு வெட்டி, பக்கத்தில் நொச்சி, நாணல், வெட்டிவேர் பிடித்த பிறகே மீதியைத் தொட வேண்டும். நீர்மருதும் புங்கனும் நீண்ட நாள் காவல். ஆனால் அவை ஆளாகச் சில ஆண்டுகள் ஆகும்.

மணலுக்கு அடியில்

தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதி. பாறைக்குள் தண்ணீர் தங்க இடம் குறைவு. வெடிப்புகளிலும் மேலே சிதைந்த அடுக்கிலும்தான் தங்கும். அதனால் ஓடை மணல் இங்கே பெரிய சேமிப்பு. 100 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் மணல் என்றால் 500 கன மீட்டர். நல்ல பெருமணலில் அதன் நாலில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் வெளியே எடுக்கலாம்: 1,25,000 லிட்டர். வெயிலில் ஆவியாகாமல் மணல் மூடிக் காக்கும். மேலே காய்ந்து கிடக்கும் ஓடையில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்தது இந்தச் சேமிப்பிலிருந்துதான்.

ஓடை நிலத்தடி நீரைக் கொடுக்கிறதா, வாங்குகிறதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கரையிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் திறந்த கிணற்றின் நீர்மட்டத்தை ஓடைத் தரையோடு லெவல் டியூப் வைத்து ஒப்பிடுங்கள். கிணற்று மட்டம் உயரமாக இருந்தால் நிலம் ஓடைக்குக் கொடுக்கிறது. மழை நின்று நான்கைந்து நாள் ஆனபிறகும் தெளிந்த தண்ணீர் ஓடும். கிணற்று மட்டம் தாழ்வாக இருந்தால் ஓடைதான் கிணற்றுக்குக் கொடுக்கிறது; வெள்ளம் போனதும் தரை காய்ந்துவிடும். ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய ஊர்களில் முதல் வகை ஓடை இரண்டாம் வகையாக மாறிவிடும். ஓடை செத்துவிட்டது என்று மேலே காரணம் தேடுவார்கள். காரணம் காலுக்கு அடியில் 300 மீட்டரில் இருக்கும்.

கீழிருந்து மேலே ஏறும் கோளாறு

தண்ணீர் கீழ்நோக்கி ஓடுவதால் பாதிப்பும் கீழ்நோக்கி மட்டுமே போகும் என்று தோன்றும். ஓடையில் பாதி விஷயங்கள் எதிர்த்திசையில் ஏறும்.

ஓரிடத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மணல் அள்ளிவிட்டார்கள் என்று வையுங்கள். குழியின் மேல்விளிம்பில் ஒரு மீட்டர் படி உண்டாகிறது. அடுத்த வெள்ளம் அந்தப் படியிலிருந்து விழும்போது படியின் அடியை அரிக்கும். படி இடிந்து சில மீட்டர் மேலே நகரும். அதற்கடுத்த வெள்ளத்தில் இன்னும் கொஞ்சம். அது பாறையையோ காங்கிரீட்டையோ தொடும் வரை ஏறிக்கொண்டே போகும். படி கடந்துபோன இடமெல்லாம் ஓடைத் தரை தாழ்ந்துவிட்டதால் இரண்டு பக்கக் கரைகளும் உயரமாகி இடியும். பாலத்தின் அடித்தளம் வெளியே தெரியும். பக்கத்துக் கிணறுகளின் மட்டமும் ஓடைத் தரையோடு சேர்ந்து இறங்கும். உங்கள் இடத்துக் கரை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இடிகிறதென்றால், கீழ்நோக்கி நடந்து அந்தப் படியைத் தேடுங்கள். ஒரே பக்கம் இடிந்தால் அது வளைவின் வேலை.

தடுப்பணை இதற்கு மறுபுறம். மேலே சுமை தேங்கும்: சரளையும் மணலும் அணைக்குப் பின்னால் தங்கிவிடும். கீழே சுமையில்லாத தண்ணீர் போய்த் தரையை அரிக்கும். தடுப்பணை உடைவதைவிட அதன் ஓரமாகச் சுற்றிக்கொண்டு ஓடை புது வழி வெட்டுவதுதான் அதிகம் நடப்பது. பக்கச் சுவரைக் கரையின் கெட்டி மண்ணுக்குள் போதுமான தூரம் செலுத்தாமல் கரையைத் தொட்டதும் நிறுத்தினால் இது நிச்சயம். நடுப்பகுதியைத் தாழ்வாகவும் ஓரங்களை உயரமாகவும் கட்டினால் வெள்ளம் நடுவிலேயே தாண்டும். மேல்விளிம்பை ஒரே மட்டமாகக் கட்டிவிட்டு ஓரம் போய்விட்டது என்று வருந்துவது வருடாந்தர வழக்கம்.

கடைசியாகக் கண்மாய். ஓடை எவ்வளவு ஆழத்துக்கு அரிக்கலாம் என்பதற்குக் கீழ்வரம்பு கண்மாயின் நீர்மட்டம். நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது கலுங்கு, அதாவது கண்மாய் நிரம்பியதும் மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கட்டுமானம். கூடுதல் தண்ணீர் தேக்கலாம் என்று கலுங்கை அரை மீட்டர் உயர்த்தினால், 200இல் 1 சரிவுள்ள ஓடையில் தேங்கிய தண்ணீர் 100 மீட்டர் கூடுதலாக மேலேறும். அங்கே வேகம் செத்து மணல் படியும். படிந்த மணல் ஓடையின் வாயை மூடும். அடுத்த வெள்ளம் கரை தாண்டிப் பக்கத்து வயலுக்குள் போகும். வயல்காரர் ஓடையைத் திட்டுவார். கலுங்கு அவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். கலுங்கிலிருந்து வழியும் தண்ணீர் மறுகாலாகி அடுத்த கண்மாய்க்குப் போவதால், ஒரு கலுங்கின் உயரம் இரண்டு ஊர் வழக்கு. இந்தச் சங்கிலி எவ்வளவு நீளமாகலாம் என்பதற்கு வைகையே சாட்சி: அதன் தண்ணீர் கடைசியில் சேருமிடம் ராமநாதபுரம் பெரிய கண்மாய்.

ஓட்டத்தை அளப்பது

ஓட்டத்தை அளக்க நேரான, முள் இல்லாத 10 மீட்டர் நீளம் போதும். குறுக்கே கயிறு கட்டி அரை மீட்டருக்கு ஒரு முறை ஆழம் பாருங்கள். 2 மீட்டர் அகலத்தில் 0, 18, 26, 16, 0 செ.மீ. என்று வந்தால், கூட்டுத்தொகை 60 செ.மீ.; அதை அரை மீட்டரால் பெருக்கினால் பரப்பு 0.30 சதுர மீட்டர். மேலே ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு 10 மீட்டர் கடக்கும் நேரத்தை ஐந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள். பழம் முக்கால்வாசி முங்கி மிதப்பதால் காற்று தள்ளாது. சருகையும் தெர்மக்கோலையும் காற்று தள்ளிவிடும். 25 விநாடி என்றால் வேகம் 0.4 மீட்டர். மேற்பரப்பு மற்ற ஆழங்களைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும்: 0.34. பரப்போடு பெருக்கினால் விநாடிக்கு 0.10 கன மீட்டர், அதாவது 100 லிட்டர், ஏறக்குறைய மூன்றரை கன அடி. முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரில் இறங்கி அளக்கக்கூடாது. வெள்ளம் வடிந்தபின் முள்ளில் தொங்கும் சருகின் உயரத்தை வைத்தே உச்ச மட்டத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

ஓடையின் சட்டப்படியான அகலம் வேறு கணக்கு. கிராம வரைபடத்திலும், புலங்களை அளந்து வரைந்த புலப்படத்திலும் ஓடைக்குத் தனிப் புல எண் இருக்கும். கிராமத்தின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் புறம்போக்கு என்று வகைப்படுத்தியிருப்பார்கள். அந்த அகலம் அளந்த நாளில் இருந்த அகலம். அதன்பிறகு ஓடை ஒரு பக்கம் கரைத்து மறுபக்கம் திட்டுப் போட்டு நகர்ந்திருக்கலாம். கரைந்த பக்கத்து விவசாயியின் பட்டா நிலம் ஓடைக்குள் கிடக்கும். எதிர்ப்பக்கத்துப் புறம்போக்கில் சோளம் விளையும். எனவே புலப்படத்து எல்லைக்கு வெளியே, வெள்ளம் தொடாத மேட்டில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல் நட்டு, அவற்றுக்கிடையே கயிறு கட்டி, ஆண்டுதோறும் தை மாதம் அதே குறுக்குவெட்டை அளந்து எழுதி வையுங்கள். பாலத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, கண்மாய் வாயில் ஒன்று என மூன்று இடம் போதும். மூன்றில் எது முதலில் மாறுகிறது என்று பார்த்தால், காரணத்தை மேலே தேடுவதா கீழே தேடுவதா என்று தெரிந்துவிடும்.